லூர்தம்மா வீட்டில் ஒரு மதியத் தூக்கம்

காலை எட்டரை மணி, கும்பகோணம் பேருந்து நிலையம். குடவாசல் போகும் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அன்று உட்கார இடமும் கிடையாது. கம்பியைப் பிடித்து நின்றபடியே கண் சொருகியது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவரைக் கவனித்துக்கொள்வதில் நான் ராத்திரி முழுக்கத் தூங்கி ஒரு வருடமாகிறது. இன்று ஒருநாள் பார்த்துக்கொள்கிறேன் என்று நாத்தனார் வந்திருந்தாள். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகவில்லை. லூர்தம்மா வீட்டுக்குத் தூங்கப் போகிறேன்.

லூர்தம்மா செய்வதை வைத்தியம் என்று டாக்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார், சித்த வைத்தியரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வருகிறவரிடம் என்ன நோய் என்று எடுத்த எடுப்பில் கேட்கவே மாட்டார். முதலில் சாப்பாடு. பிறகு கூடத்தில் ஒரு பாய். தூங்கி எழுந்த பிறகுதான், "இப்ப சொல்லு, என்ன செய்யுது?" என்பார். நல்லெண்ணெய் தடவிப் பிடித்துவிடுவார், அதுவும் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே. விக்கெட் விழுந்தால் நம் தோள்பட்டை தொலைந்தது. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு: முன்னால் வந்த நோயாளிதான் பின்னால் வந்தவருக்குப் பரிமாற வேண்டும். தோள்வலியோடு போய்க்கொண்டிருந்த நாட்களில், முட்டிவலிக்காரர் ஒருவர் எனக்கு நொண்டி நொண்டி ரசம் ஊற்றியிருக்கிறார். கூத்தாநல்லூரிலிருந்து வந்த பாயம்மாவுக்கு நான் மீன்குழம்பு ஊற்றியிருக்கிறேன்.

குடவாசலில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஐந்து கிலோமீட்டருக்கு நூற்றைம்பது ரூபாய். அறுத்த வயல்களில் உளுந்து பச்சை பிடித்திருந்தது. பாதி ரோட்டில் வைக்கோல் கிடந்தது.

"லூர்தம்மா வீட்டுக்கா? அவங்க விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுடுச்சே, தெரியாதாம்மா?" என்றார் ஓட்டுநர்.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, எரிச்சல். அங்கேயும் ஒரு படுக்கையா? வண்டியைத் திருப்பச் சொல்ல வாயெடுப்பதற்குள் வாசல் வந்துவிட்டது. நாலு மணிக்கு வரச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

கதவு எப்போதும் போலத் திறந்தே கிடந்தது. கூடத்தில் கட்டில், எதிரே அதே டிவி. வேறு யாரும் வந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் சமைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். பழக்கதோஷத்தில் முந்தானையைச் செருகிக்கொண்டு கரண்டியை எடுத்தேன்.

"வாம்மா. கரண்டிய வச்சுட்டு உக்காரு."

"நான் உங்களுக்குப் போட்டுத் தரேம்மா."

"நீ இப்ப வந்தவ. உனக்கு முன்னாடி வந்து படுத்திருக்கறவ நான்தானே?"

தலையணையில் சாய்ந்தபடியே பரிமாறினார். கத்திரிக்காய்க் குழம்பு பாதி தட்டில், பாதி தரையில். எனக்கு யாராவது சோறு போட்டு எவ்வளவு நாளாயிற்று! அழுதுகொண்டே சாப்பிட்டேன். அவர் அதைப் பார்க்காத மாதிரி ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாயில் தலை வைத்ததுதான் தெரியும்.

மூன்றரைக்கு எழுந்தேன்.

"இப்ப சொல்லு, என்ன செய்யுது?"

"அசதிதாம்மா. வேற ஒண்ணுமில்ல."

கையை இழுத்துவைத்து எண்ணெய் தடவினார். பிடியில் பழைய பலம் இல்லை. அவரிடம் நாங்கள் யாரும் கேட்டிராததை அப்போது கேட்டேன்.

"உங்களுக்கு என்ன செய்யுதும்மா?"

டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "வலி கெடக்குது. ராத்திரில தனியாக் கெடக்கத்தான் பயமா இருக்கு."

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. "போம்மா, அங்க உன் வீட்டுக்காரரு காத்துக்கிட்டிருப்பாரு" என்றார்.

ரிமோட்டை அவர் கைக்கு எட்டும்படி வைத்தேன். "ராத்திரி மேட்ச் இருக்குமில்ல? டிவி ஓடட்டும்மா" என்றேன்.

"மேட்ச் என்ன, விடியிற வரைக்குமா நடக்கும்?"

திரும்பும் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கும்பகோணம் வரும்வரை தூக்கம் வரவில்லை.