ஏழாம் எண் முயலின் இமை

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளை எல்லோரும் முயலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினாறு வருஷமாக முயல்களுக்குத் தீனி வைப்பதும், கூண்டு கழுவுவதும், சோதனை அறைக்குத் தூக்கிக்கொண்டு போவதும் அவள்தான். படிப்பு பள்ளியோடு நின்றுபோனது. ஆனால் முயலின் மூக்கு துடிப்பதைப் பார்த்தே அது பயந்திருக்கிறதா, பசித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள்.

மூளை ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா அங்கே நடத்தியது கேட்பதற்கு எளிமையான சோதனை. முயலுக்கு ‘பீப்’ என்று ஒரு ஒலி. அரை விநாடி கழித்து ஒரு மெல்லிய குழாய் வழியாகக் கண்ணில் ‘புஸ்’ என்று காற்று. காற்றுப் பட்டால் எந்த முயலும் இமையை மூடும். அது பிறவிக் குணம். நான்கைந்து நாள் பழக்கினால், காற்று வரும் முன்பே, ஒலியைக் கேட்டதுமே மூடக் கற்றுக்கொள்ளும். அந்தப் படிப்பு சிறுமூளைக்குள் ஒரு கடுகளவு இடத்தில் தங்குகிறது என்பது டாக்டரம்மாவின் கணக்கு. அந்த இடத்தை ஊசி மருந்தால் மரத்துப்போகச் செய்தால், முயல் ஒலிக்கு இமைக்காது. காற்றுக்கு மட்டும் இமைக்கும். மருந்தின் வேகம் இறங்கியதும் படித்தது திரும்பி வரும். ஆறு முயல்களிடம் அப்படியே நடந்தது.

ஏழாவது மட்டும் ஏறுக்கு மாறாக நின்றது. மருந்து போட்ட பிறகும் ஒலி வந்ததும் இமையை மூடியது. ஒரு தடவை அல்ல, இருபது தடவை.

“ஊசி இடம் மாறிப் போயிருக்கு. இனிமே இது உதவாது. மூளையை வெட்டிப் பார்த்துடலாம்” என்றாள் டாக்டரம்மா. முயலை வலியில்லாமல் ஊசி போட்டு முடிக்கக் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டாள். அரைமணியில் வருவதாகச் சொன்னார். முயலைத் தூக்கிவரும் வேலை முயலக்காவுக்கு.

அவள் சோதனைப் பெட்டியின் கண்ணாடி வழியாகக் கடைசியாக ஒருமுறை எட்டிப் பார்த்தபோது, இன்னும் ஓடிக்கொண்டிருந்த கருவி ‘பீப்’ என்றது. முயலின் கண்ணோர முடி அந்த நொடியே காற்றில் சிலிர்த்தது. அரை விநாடி கழித்துச் சிலிர்க்க வேண்டிய முடி!

நேற்றுச் சாயங்காலம் பெட்டியைத் துடைக்க ஒயர்களைக் கழற்றி மாட்டியது அவள். காற்றுக் குழாயின் ஒயருக்கு ஒரு துளை. பக்கத்திலேயே, ஒலியோடு சேர்ந்து இயங்கும் இன்னொரு துளை காலியாக இருக்கும். இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல. குனிந்து பார்த்தாள். மாற்றித்தான் மாட்டியிருந்தாள்.

போன வருஷம் கூண்டைப் பூட்ட மறந்ததற்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் உண்டு. இன்னொன்று வந்தால் வீட்டுக்குத்தான் என்று கூடத்தின் தலைவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். வீட்டிலோ, முதுகு ஒடிந்து படுத்திருக்கும் கணவன். ஒயரைச் சத்தமில்லாமல் சரியான துளைக்கு மாற்றிவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. முயல் போய்விடும், அவ்வளவுதான். கை ஒயர்வரை போனது. அங்கேயே நின்றது.

வாசலில் கால்நடை மருத்துவர் பையைத் திறந்து ஊசியை எடுத்துக்கொண்டிருந்தார்.

“டாக்டரம்மா, கொஞ்சம் பொறுங்க. முயல் மேல தப்பில்ல, என் மேலதான்.”

“என்னக்கா சொல்றீங்க?”

“ஒயர மாத்தி மாட்டிட்டேன். பீப்போடயே காத்தும் போகுது. அது சத்தத்துக்கு இமைக்கல, காத்துக்கு இமைக்குது.”

டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. “கம்ப்யூட்டர்ல காத்து சரியான நேரத்துல வருதே!”

“கம்ப்யூட்டருக்கு நீங்க சொன்ன நேரம்தான் தெரியும். குழாயில வர்றது அதுக்கு எப்படித் தெரியும்?”

டாக்டரம்மா தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள் என்று கூடத்தில் ஒரு கேலி உண்டு. அன்று அவள் நேரே போய்க் காற்று உருளையின் திருகை மூடினாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

பீப்.

கண் திறந்தே இருந்தது. மறுபடி பீப். இமை அசையவில்லை. பத்துத் தடவை. ஒயரைச் சரியாக மாட்டிக் காற்றைத் திறந்ததும், ஒலிக்குச் சும்மா இருந்த முயல் அரை விநாடி கழித்துச் சடக்கென்று இமைத்தது.

“மருந்து இறங்குற வரைக்கும் பார்ப்போம்” என்றார் மருத்துவர், ஊசியைப் பைக்குள் போட்டபடி.

மூன்று மணி நேரம். யாரும் சாப்பிடப் போகவில்லை. படித்தது திரும்பாவிட்டால் ஊசி மூளையைக் கெடுத்துவிட்டது என்றாகும்; மருத்துவரின் பை மறுபடி திறக்கும். முயலக்கா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒலிக்குப் பாதி மூடிய இமை. அடுத்து, காற்று வரும் முன்பே, முழுசாக.

“மூடிடுச்சு!” என்று கத்தியது டாக்டரம்மாதான்.

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆனால் டாக்டரம்மா தலைவரிடம் போய், “ஒயரச் சரிபார்த்திருக்க வேண்டியது நான். அனுப்பறதுன்னா ரெண்டு பேரையும் அனுப்புங்க” என்று நின்றதால் வேலை தப்பியது. துளைகளில் சிவப்பும் நீலமுமாகச் சாயம் ஏறியது.

ஏழாம் எண் முயலுக்கு இன்னும் ஐந்து வாரம் கிடைத்தது. சோதனை முடிந்தால் எல்லா முயலுக்கும் முடிவு ஒன்றுதான். முயலக்காவுக்கு அது தெரியாததல்ல. அதன் முறை வந்த அன்று விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டாள். மருத்துவர் ஊசி போடும்போது மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திய தடம் சிறுமூளையில் சரியான இடத்திலேயே இருந்ததாக டாக்டரம்மா மறுநாள் வந்து சொன்னாள்.

“சரிம்மா” என்றாள் முயலக்கா. கழுவிய கூண்டை வெயிலில் கவிழ்த்துவிட்டு, மற்றவற்றுக்குத் தீனி போடப் போனாள்.