ஒரு ஷில்லிங் மகள்

டோர்கஸ் ராஃப்டரி முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தவள். அந்தக் கையில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு, இங்கிலாந்தின் சஃபோக் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் வாரம் இரண்டு நாள் போய் உட்காருவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

ஆனால் நெஞ்சில் ஒரு முள் இருந்ததே! ஐரிஷ்காரன், கத்தோலிக்கன், போதாததற்கு லாரி ஓட்டுகிறவன் என்று மூன்று குற்றங்களையும் சுமந்த ஃபின்டனை அவள் கட்டிக்கொண்டபோது, அப்பா ஆம்புரோஸ் மாபட் கல்யாணத்துக்கு வரவில்லை. சாகும்வரை பேசவும் இல்லை. அவர் உயிலைப் பிரித்தால் வீடும் விதைக்கடையும் தம்பிக்கு, "என் மகள் டோர்கஸுக்கு ஒரு ஷில்லிங்." வக்கீல் அந்தச் சில்லறைக் காசை மேசைமேல் நகர்த்தியபோது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து இருபத்தேழு வருடம் அப்பாவின் கல்லறைப் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மாபட் குடும்பத்தில் ஷில்லிங் வாங்கிய முதல் ஆள் அவளில்லை. ஜேபஸ் என்ற முன்னோருக்கும் அவருடைய அப்பா அதைத்தான் எழுதிவைத்தார் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். ஃபின்டனும் போய்ச் சேர்ந்த பிறகு, தனிமையில் அந்த நினைப்பு அரித்தது. அந்த ஜேபஸ் என்ன பாவம் செய்தான்? அது தெரிந்தால், அப்பா தன்னைத் தலைமுழுகியதும் கொஞ்சம் புரியுமே என்றுதான் காப்பகத்துக்குப் போனாள்.

ஐந்தாவது வாரம் உயில் கையில் கிடைத்தது. 1743. கோழி கிளறின மாதிரி எழுத்து. காப்பகத்து மிஸ் தர்லோ பக்கத்தில் நின்று படித்துச் சொன்னாள்: "என் மகன் ஜேபஸுக்கு ஒரு ஷில்லிங்."

"பாத்தீங்களாம்மா? எங்க பரம்பரைக்கே இதான் பொழப்பு. புடிக்காத பிள்ளைக்கு ஒரு காசக் குடுத்துத் தொரத்திவிட்டுர்றது."

"அவசரப்படாதீங்க மிஸஸ் ராஃப்டரி. இங்க வர்ற பத்துப் பேர்ல ஒம்போது பேரு இதச் சொல்லித்தான் மூக்கச் சிந்துறாங்க. உயில் பாதிக் கததான். நெலத்துப் பதிவையும் பாத்துருவோம், இருங்க."

தடியான பண்ணைப் பதிவேடு ஒன்று வந்தது. உயிலுக்கு இரண்டு வருடம் முன்னால், ஜேபஸுக்குக் கல்யாணமான அதே மாதம், அவன் அப்பா பண்ணை மன்றத்துக்கு நேரில் வந்து, நிலம் கைமாறுவதற்கு அடையாளமாக அந்தக் கால வழக்கப்படி காரியஸ்தர் கையில் ஒரு கோலைக் கொடுத்து, ஒரு வீட்டையும் மூன்று ஏக்கர் நிலத்தையும் மகன் பேருக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

"பங்கு முன்னாடியே குடுத்தாச்சு," என்றாள் மிஸ் தர்லோ. "ஆனா உயில்ல பேரே வரலைன்னா, கெழவனுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு, பெத்த பிள்ளையவே மறந்துட்டான்னு எவனாவது வழக்குப் போடுவான். அதுக்குத்தான் பேரப் போட்டு ஒரு ஷில்லிங். மறக்கலன்னு அர்த்தம்."

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் டோர்கஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் வீட்டுப் பத்திரம், வீட்டுக்கடனின் கடைசித் தவணை கட்டியபோது வங்கியிலிருந்து திரும்பி வந்தது, கட்டுப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. வாங்கிய புதிதில் ஃபின்டன் சொன்னது நினைவுக்கு வந்தது: "வித்த மனுசன் தங்கமானவன்டி. பாதி வெலைக்கே குடுத்துட்டான்."

கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டைப் பிரித்தாள். விலை ஆயிரத்து நானூறு பவுண்ட். அதில் எழுநூறு, விதை வியாபாரி ஆம்புரோஸ் மாபட் செலுத்தியது. கீழே ஃபின்டனின் கோணல் கையெழுத்து. அதற்குப் பக்கத்திலேயே அப்பாவுடையது.

அடப்பாவிகளா! இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்பா வீம்புக்காகவும் ஃபின்டன் அவருக்குக் கொடுத்த வாக்குக்காகவும் வாயை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முப்பத்தாறு வருடம் அவள் தலைக்கு மேலே இருந்த கூரையில் பாதி அப்பா போட்டது. அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

மறுநாள் காலை ஒரு வாளித் தண்ணீரும் தேய்க்கிற பிரஷ்ஷுமாகக் கல்லறைக்குப் போனாள். அப்பாவின் பெயரே தெரியாத அளவுக்குப் பாசி ஏறியிருந்தது.

"ஏம்ப்பா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா குடியா முழுகிப்போயிருக்கும்?" என்று திட்டிக்கொண்டே முட்டி போட்டுத் தேய்த்தாள். "நல்ல வீடுப்பா. இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல. உன் பேரப்பிள்ளைங்க மூணும் அங்கதான் பொறந்துச்சு. ரொம்ப நன்றிப்பா."

எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்ததும் எழுந்து, கோட்டுப் பையில் இருந்த, அன்று வக்கீல் கொடுத்த அதே ஷில்லிங்கை எடுத்து அவரிடம் காட்டினாள்.

"இத மட்டும் திருப்பிக் கேட்டுறாத. தரமாட்டேன்."