குனேயோவில் தாலுகா கிடையாது

என் மகள் இத்தாலியின் குனேயோ மாகாணத்துக்கு, ஒரு முதியோர் இல்லத்து நர்ஸாகப் போனாள். அவள் போன மறுநாளே அந்த மாகாணத்தின் வரைபடத்தை திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அச்செடுத்து லேமினேஷன் செய்து வந்தேன். முப்பது வருஷம் சர்வேயராக இருந்தவனுக்கு வேறென்ன தெரியும்? மேற்கே பிரான்ஸ். தெற்கே மலை, அதைத் தாண்டினால் கடலோர மாகாணம். அவள் ஊர் கரேசியோ, தனாரோ ஆற்றங்கரையில். எல்லாம் சரி, மாகாணத்துக்குக் கீழே நேரே ஊர்தான். நடுவில் தாலுகா கிடையாது, பிர்க்கா கிடையாது. இது என்ன நிர்வாகம் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் அவளிடம் சண்டை போடுவேன். சிரிப்பாள். கொஞ்ச நாளாகச் சிரிக்கவில்லை. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஒரு காலையில் குனேயோவில் வெள்ளம் என்று செய்தி வந்தது. அவளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அங்கே இன்னும் விடியவில்லைதான். ஆனால் வெள்ளத்தில் யார் தூங்குவார்கள்? மாகாணத்துக்கும் அதன் தலைநகருக்கும் ஒரே பெயர். வெள்ளம் நகரத்திலா, மாகாணம் முழுக்கவா? செய்தி எழுதியவன் கையில் கிடைத்திருந்தால் அறைந்திருப்பேன்.

தச்சநல்லூர் வீட்டில் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "அண்ணாச்சி, திருநெல்வேலியில வெள்ளம்னா கடக்கரையில இருக்க உவரியும் முங்கிட்டுன்னா அர்த்தம்? பதறாதிய" என்றார்.

"இப்படி நடந்தா அந்த ஆறு வடிஞ்சிருமாக்கும்?" என்றாள் மனைவி. அவள் முகமும் பேயறைந்த மாதிரிதான் இருந்தது.

மதியம் மகள் போனை எடுத்தாள்.

"ஏ பிள்ள, ஆத்துக்கு எந்தக் கரையில இருக்க? மேட்டுக்குப் போயிட்டியா?"

"நான் அங்கன இல்லப்பா. வேல போயி மூணு மாசமாச்சு. மலைக்கு அந்தப் பக்கம், சவோனாவுல, கூட வேல பாத்தவ வீட்டுல இருக்கேன்."

வயிற்றில் பால் வார்த்தாள். அடுத்த நொடியே கோபமும் வந்தது.

"வாரா வாரம் பேசுதியே, ஒரு வார்த்த சொன்னியா?"

"நீங்க ஆத்தக் கேப்பிய, எல்லையக் கேப்பிய. நான் எப்படி இருக்கேன்னு என்னைக்குப்பா கேட்டிய?"

சுருக்கென்றது. இல்லை என்று சொல்ல ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையையாவது தேடினேன். கிடைக்கவில்லை. மனைவி, என்ன என்ன என்று என் தோளை உலுக்கினாள்.

"இப்ப கேக்கேன்" என்றேன். "எப்படிம்மா இருக்க?"

அவள் அழத் தொடங்கினாள்.