சிறுகோள் அக்கா

என் அக்காவுக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நட்சத்திர ஆராய்ச்சி என்றதும், ராத்திரியெல்லாம் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். அவள் அதைத் தொட்டதுகூட இல்லை. அது எங்கோ மலைமேல் இருக்கிறது. இவள் காலை எட்டரைக்குச் சாப்பாட்டு டப்பாவோடு பஸ் ஏறி, அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் ஒரு கணினி முன்னால் போய் உட்காருவாள். முந்தின இரவு எடுத்த படத்திலிருந்து பழைய படத்தைக் கணினி கழித்துவிடும். மிஞ்சுகிற புள்ளிகள் ஒவ்வொன்றாக அவள் முன்னால் வரும். புதிதாக வெடித்த நட்சத்திரமாகவும் இருக்கலாம், கேமராவின் கோளாறாகவும் இருக்கலாம். இரண்டே பொத்தான்கள்: ‘நிஜம்’, ‘குப்பை’. ஒரு நாளைக்கு எண்ணூறு புள்ளி வந்தால் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது குப்பை. மிச்சம் ஒன்றும் பெரும்பாலும் குப்பைதான்.

இப்படி ஒன்பது வருடம். எங்கோ தொலைவில் ஒரு நட்சத்திரம் வெடித்ததை முதலில் கண்டு அறிவித்தவர் என்று ஒரு தடவையாவது தன் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய ஆசை. ஒரு தடவை வரத்தான் செய்தது. இரண்டாவது படத்துக்குக் காத்திராமல் அறிவித்துவிட்டாள். அந்தப் படம் வந்தபோது புள்ளி நகர்ந்திருந்தது. வெடித்த நட்சத்திரம் நகராது. நகர்ந்தால் அது நம் சூரியனைச் சுற்றிவரும் சாதாரணச் சிறுகோள். அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அன்று சாப்பிடும்போது நான்தான் முதலில் ‘சிறுகோள் அக்கா’ என்றேன். அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அக்காவோடு வேலை செய்கிற தோழி அன்றைக்குப் பார்த்து வீட்டுக்கு வந்திருந்தாள்; மறுநாளே அந்தப் பெயர் அலுவலகத்துக்குப் போய்விட்டது. என் வாயில் சனி, வேறென்ன சொல்ல.

அதற்குப் பிறகு அவள் விரல் ‘குப்பை’ பக்கமே போக ஆரம்பித்தது. அதிலும் ஒரு விண்மீன் மண்டலத்தின் நட்டநடுவில் புள்ளி வந்தால் யோசிக்கவே மாட்டாள். அங்கே இரண்டு படங்களும் ஒரு நூலிழை விலகினாலும் பொய்ப்புள்ளி விழும்.

போன புதன்கிழமை ஒன்பது மணிக்கு அப்படி ஒன்றைக் குப்பையில் தள்ளினாள். பத்து மணிக்கு எல்லா ஆய்வு நிலையங்களுக்கும் ஒரு செய்தி வந்தது. விண்வெளியில் சுற்றுகிற எக்ஸ்ரே தொலைநோக்கி திங்கட்கிழமை ஒரு வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறது, ஆறு நிமிடம் எரிந்து அணைந்துவிட்டது, நட்சத்திரம் வெடித்ததாக இருக்கலாம், வானத்தில் இந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறது, தேடுங்கள். அக்கா அந்த வட்டத்தைத் தன் படத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். உள்ளே அவள் தள்ளிய குப்பை உட்கார்ந்திருந்தது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவளுக்கு. வட்டம் பெரியது, வழியோடு போகிற சிறுகோள் ஒன்று தற்செயலாக உள்ளே கிடக்கலாம். மலையில் மேகம் மூடியதால் இரண்டாவது படமும் இல்லை, நகர்ந்ததா என்று பார்க்க வழியில்லை. அறிவிப்பதென்றால், ஒன்பது மணிக்குத் தானே போட்ட ‘குப்பை’யை ஊரறியத் திருத்த வேண்டும். பதிவேட்டில் எதையும் அழிக்க முடியாது. இதுவும் பொய்யென்றால் அப்புறம் அவள் சொல்வதை யார் காதில் வாங்குவார்கள்?

எனக்குப் போன் செய்தாள். நான் கண்ணாடிக் கடையில் ஒரு ஃப்ரேமுக்கு லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“டேய், ஒரு புள்ளி கிடைச்சிருக்குடா. சொல்லிடலாமான்னு யோசிக்கிறேன்.”

“என்னக்கா, இன்னொரு சிறுகோளா?”

“அதானே,” என்றாள். “சரி, நீ வேலையைப் பாரு.”

வாடிக்கையாளர் காத்திருந்தார். நான் வேலையைப் பார்த்தேன்.

சாயங்காலம் அவள் முகமே சரியில்லை. அனுப்பிவிட்டாளாம். வேறொரு பெரிய தொலைநோக்கி அந்தப் புள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்த்து முடிவு சொல்லும், வெள்ளிக்கிழமை ஆகும் என்றாள். அந்த இரண்டு நாளும் தட்டில் போட்டதை அளைந்துகொண்டிருந்தாளே தவிரச் சாப்பிடவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “உடம்பு ஒண்ணும் சுடலையே,” என்றாள். எனக்கும் பயம்தான். அதையும் வேடிக்கைப் பேச்சில்தான் மறைக்கப் பார்த்தேன்.

“எவ்வளவு தூரம்க்கா அது?”

“அந்த வெளிச்சம் கிளம்பினப்போ பூமியில மனுஷனே இல்லடா.”

“அவ்வளவு நாள் வந்த வெளிச்சம். நீ ரெண்டு நாள் பொறுக்க மாட்டியா?”

அவள் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். “நிஜம்டா,” என்றாள். “வெடிச்ச நட்சத்திரம்தான்.” நான் கையிலிருந்த லென்ஸை வைத்துவிட்டு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“அப்ப உன் பேரு வந்துடுச்சா?”

“இல்லடா. வேற ஒரு குழு பத்து முப்பத்தொண்ணுக்கே அனுப்பிட்டாங்க. என்னது பத்து அம்பதுக்குத்தான் போச்சு.”

“அவ்வளவு நேரம் என்னக்கா பண்ணின?”

“தெரிஞ்ச சிறுகோளெல்லாம் ஒரு பட்டியல்ல இருக்கும். அதைச் சரிபார்த்தேன். ஒரு தடவை போதும். நான் மூணு தடவை பார்த்தேன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பேச்சை மாற்றினாள். “விடுடா. குப்பை இல்லைன்னு ஆச்சே. இந்தா, என் கண்ணாடி லூசா இருக்கு, கொஞ்சம் முடுக்கிக் கொடு.”

முடுக்கிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

அவள் போனபிறகு என் போனை எடுத்துப் பார்த்தேன். புதன்கிழமை, பத்து பதினான்கு. பேசிய நேரம் பதினெட்டு விநாடி. ‘சொல்லிடுக்கா’ என்று சொல்ல அதில் ஒரு விநாடி போதும்.