எல்லோரும் சொன்ன "புரிஞ்சுது"

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசுப் பள்ளியில் தொழிற்கல்வி ஆசிரியர் நான். பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுது சார்!" என்று வகுப்பே ஒரே குரலில் பாடும். அந்த ராகத்தில் வருடக்கணக்காக மயங்கிக் கிடந்தேன்.

இந்த ஜூன் மாதம், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைக்கு வேலைத் தேர்வுக்கு அழைத்துப் போனேன். "வேலை கெடைக்கலன்னா வீட்ல கல்யாணம் பேசிருவாவ சார்" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள் கூமாப்பட்டி செல்வி.

மில்லின் மேற்பார்வையாளர் அம்மா, ஓடும் இயந்திரத்தை நிறுத்தும் முறையை இரைச்சலுக்கு மேல் கத்திச் சொன்னார். "புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்!" என் வகுப்பின் அதே ராகம்.

செல்வி மட்டும் கை தூக்கினாள். "எனக்குப் புரியல மேடம். இன்னொருக்கா சொல்லுங்க."

"ஏட்டி, கெடுத்துட்டியே!" என்று பக்கத்தில் நின்றவள் கிள்ளினாள். நானும் கண்ணாலேயே செல்வியை அடக்கப் பார்த்தேன்.

அந்த அம்மா மற்றவர்களிடம் திரும்பினார். "அம்புட்டுப் பேருக்கும் புரிஞ்சிருச்சோ? வாங்க, நிறுத்துங்க பாப்போம்."

ஒருவரும் நகரவில்லை.

"புரியாம தலையாட்டுனா இங்க விரல் போயிரும்த்தா" என்றவர், செல்விக்கு மறுபடி பொறுமையாகக் காட்டினார். அன்று வேலை கிடைத்தது அவளுக்கு மட்டும்தான்.

மறுநாள் வகுப்பில் வழக்கமான கேள்விக்கு வாய் திறந்தவன், நிறுத்திக்கொண்டேன். "எது புரியல?" என்று கேட்டேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இந்த அமைதி அந்தப் பாட்டுக்கு அடியில் இத்தனை வருடமும் இருந்திருக்கிறது.

இப்போதெல்லாம் கேட்டுவிட்டுக் காத்து நிற்கிறேன்.