பதினேழரை அடி

கதை விடுறேன்னு நீங்க சொன்னா எனக்கு ஒண்ணும் கொள்ளை போயிடாது. பட்டவ நான். மணி, நிமிஷம் உட்பட அப்படியே ஞாபகம் இருக்கு.

எங்க ஊர் வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில ஃபோன் எடுக்கிறது என் வேலை. ஆத்துப் பாலத்துக்கிட்ட பன்னிரண்டு அடி அளவுகோல் ஒண்ணு நட்டிருக்கும். அதைப் பார்க்கிற ஆளு பக்கத்துக் கொட்டகையிலிருந்து தண்ணி மட்டத்தைச் சொல்லுவார். நான் பதிவேட்டுல எழுதுவேன். பன்னிரண்டைத் தொட்டா அபாயச் சங்கு ஊதணும், பள்ளத் தெரு மொத்தத்தையும் காலி பண்ணணும். நாலு தடவை ஊதினோம். நாலு தடவையும் தண்ணி வரலை. புலி வருது கதையாகி ஊரே சிரிச்சது, ஆபீசருக்கு மெமோ வந்தது. அதுலேருந்து ஒரு பழக்கம்: ஆறு எவ்வளவு ஏறினாலும், ஆபீசர் நேர்ல பார்க்கிற வரைக்கும் பதிவேட்டுல பதினொன்றேமுக்காலைத் தாண்டாது. மழையில அவர் என்னிக்கு வெளியில போனார்?

பள்ளத் தெருவுல கடைசி வீடு எங்க அக்காவோடது.

அன்னிக்குப் புயல். மத்தியானமே லைட் போடுற மாதிரி இருட்டு. ரெண்டரைக்கு அளவு பார்க்கிறவர் கூப்பிட்டு, பதினொரு அடின்னார்.

மூணு மணிக்கு மறுபடி மணி அடிச்சது. குரல் வேற. கரகரன்னு... ஆள் மாத்திட்டாங்கபோலன்னு நினைச்சேன்.

"பதிமூணரை."

கோலே பன்னிரண்டு அடிதானேன்னு கேட்டேன்.

"கோல் முழுகிடுச்சும்மா. அதுமேல நிக்கிறேன். இப்ப முழங்கால் வரைக்கும்."

ஆபீசர்கிட்ட ஓடினேன். குடிச்சுட்டு உளர்றான், பதினொன்றேமுக்கால்னு போடுன்னார். தலையைக்கூட நிமிர்த்தலை.

போட்டேன். சம்பளம் வாங்குற கை, வேற என்ன பண்ணும்?

3:15.

"பதினஞ்சேகால். இடுப்பு."

வெளியில காத்து ஊளையிடுது. ஆனா ஃபோனுக்குள்ள காத்துச் சத்தமே இல்லை. களக்... களக்... அது மட்டும்தான்.

அக்காவுக்கு ஃபோன் போட்டேன். உடனே கிளம்புடீன்னேன். சிரிச்சா.

"சங்கு ஊதலையே, அப்புறம் என்ன? நீ அங்க இருக்கே. ஊதாம விட்டுடுவியா?"

3:25.

"பதினாறரை. கழுத்து."

வெளியில வந்துடுங்கன்னு கத்தினேன்.

"எழுதினியாம்மா?"



3:30.

களக்...

"பதினேழரை."

தண்ணிக்குள்ளேருந்து வந்தது அந்தக் குரல்...

ஆபீசரைத் தள்ளிட்டுப் போய்ச் சங்குப் பொத்தானை அழுத்தினேன். மணி 3:32.

பள்ளத் தெருவுல தண்ணி புகுந்தது 3:30-க்கு.

மூணாம் நாள்தான் அக்கா கிடைச்சா.

அளவு பார்க்கிறவர் வந்து அழுதார். ரெண்டரைக்குப் பேசி வெச்சதுமே ஃபோன் கம்பி அறுந்துடுச்சாம். கொட்டகையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டாராம். அப்புறம் அங்க யாருமே இல்லையாம்.

அவருக்கு முன்னாடி அந்த வேலையில ஒரு தினக்கூலி இருந்திருக்கார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின புயல்ல, துண்டால தன்னைக் கோல் உச்சியோட கட்டிக்கிட்ட நிலையில பிணமாக் கிடைச்சிருக்கார். ஆள் ஐந்தரை அடி உயரமாம். கோலோட சேர்த்தா பதினேழரை.

அக்காவோட இறப்புச் சான்றிதழ்ல வெள்ளத்துல இறந்தாள்னு போடச் சொல்லிக் கேட்டேன். பதிவேட்டைப் புரட்டினாங்க. பன்னிரண்டைத் தொடலையே, அன்னிக்கு ஏது வெள்ளம்னாங்க. 'கால் தவறி விழுந்து' இறந்ததா எழுதிட்டாங்க. நான் எழுதின எண், என்னத்தைப் பேசுறது?

பழைய பதிவேட்டையும் தேடி எடுத்தேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின அதே தேதி. பிற்பகல் 3:30. பதினொன்றேமுக்கால்.

அன்னிக்கு ஃபோன் எடுத்த கிளார்க் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.

எங்க ஆபீசர்.