கூப்பிட்டுவிட்டு ‘கட்’ சொன்னார்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய்க்கதை பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம், போன வருஷம்வரை நானும் சிரித்திருப்பேன். கோயில் திருவிழாவில் தலையை விரித்துப்போட்டு ஆடுகிற பெண்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். என் நாத்தனாருக்கு வருஷா வருஷம் அருள் வரும், வந்து பூ கேட்காது, பழம் கேட்காது, அவள் மாமியாரைக் கொழுந்தன் வீட்டுக்கு அனுப்பி வை என்று கேட்கும். இதையெல்லாம் பார்த்தவளை யாரும் லேசில் ஏமாற்ற முடியாது என்று நினைத்திருந்தேன்.

எனக்கு வயது ஐம்பத்து நான்கு. செனாயில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறேன். புருஷன் போய் ஆறு வருஷம் ஆகிறது. மகன் எல்லைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் இருக்கிறான், பாலத்தைத் தாண்டினால் அம்மா வீடு, ஆனால் அந்தப் பாலம் தீபாவளிக்கு மட்டும்தான் அவன் கண்ணுக்குத் தெரியும். நாலாவது மாடி ஃபிளாட்டில் நான் ஒருத்திதான். பரிதாபப்படச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது புரிய வேண்டுமென்றால் இது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குமரேசன் என்று ஒரு பையன், முப்பது வயதிருக்கும், வாரநாளில் கைப்பேசிக் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமையில் டைரக்டர். பேய் ஓட்டுகிற படம் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தான். பொந்தியான் போகிற வழியில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்குள் கணக்கு எழுதுகிற கிராணி முன்பு குடியிருந்த வீடு, இப்போது ஆள் இல்லை, அங்கேதான் ஷூட்டிங். முப்பது பேருக்குச் சோறும் கோழிப் பெரட்டலும் கொண்டுவரச் சொன்னான். பதினோரு மணிக்கு நான் போய் இறங்கியபோது எல்லாரும் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். பேய் பிடித்த அம்மாவாக நடிக்க வேண்டிய நடிகை சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும், பாலத்தில் ஜாம், இன்றைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாளாம்.

குமரேசன் என்னைப் பார்த்தான். என் முடியைப் பார்த்தான். எனக்கு இன்னும் இடுப்புவரை முடி இருக்கிறது.

“அக்கா, நீங்க நில்லுங்கக்கா. வசனமே இல்ல. தலைய விரிச்சுப் போட்டு ஆடணும், அவ்ளோதான்.”

“நான் சோறு போட வந்தவ.”

“சோறு எல்லாரும் போடுவாங்க. இந்த முறைப்பு யாருக்கு வரும்?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்னை ஒரு காரியத்துக்கு யாராவது வேண்டும் என்று கேட்டு எத்தனை காலமாயிற்று, அதனால்தான் ஒத்துக்கொண்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். உள்ளே சன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி ஆணியடித்து ராத்திரி ஆக்கியிருந்தார்கள். மேளத்துக்கு ரவியின் உறுமிக் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். ரவி எங்கள் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், பத்து வருஷமாக என் கையால் சாப்பிடுகிறவன். கோயிலில் சாமி அழைக்கிற அடியையே அப்படியே அடிக்க வேண்டும், பொய்யாக அடித்தால் பார்க்கிறவன் சிரிப்பான் என்று குமரேசன் சொன்னான். ரவி உறுமியைக் கீழே வைத்துவிட்டான்.

“தம்பி, அழைப்பு அடிச்சா மலையேத்தாம எந்திரிக்கக் கூடாது. வந்தத அனுப்பி வைக்கிற அடியும் இருக்கு. அதையும் சேர்த்து எடுத்துடு, பத்து நிமிசந்தான்.”

“அண்ணே, அது க்ளைமாக்ஸ்லா. சாமியார் வந்து ஓட்டுற சீன். அடுத்த மாசம் எடுக்கிறோம்.”

“உனக்கு அடுத்த மாசம். வர்றதுக்கு அது தெரியுமா?”

“அலமாக், நடிப்புண்ணே இது!”

ரவி என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று நினைத்தானோ என்னவோ. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அடிச்சிட்டு வா ரவி, கோழி ஆறுது.” இதைச் சொன்னது நான்தான். யார்மேல் கோபப்பட்டாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறேன்.

அடித்தார்கள். மணி பதினொன்றரை. நாத்தனாரை நினைத்துக்கொண்டு தலையைச் சுற்றினேன், வாயைக் கோணினேன். கழுத்து வலித்தது, இந்த வயதில் இது தேவையா என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், சுவரோரம் உட்கார்ந்திருக்கிறேன், முகமெல்லாம் ஈரம், யாரோ தண்ணீர் அடித்திருக்கிறார்கள். நேரம் பன்னிரண்டேகால். முக்கால் மணி நேரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. “அக்கா, நீங்க நடிகைலா!” என்று குமரேசன் குதித்தான். மற்றவர்கள் என்னைவிட்டுத் தள்ளி நின்றார்கள். ரவி உறுமியை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

எடுத்ததைக் காட்டச் சொன்னேன். குமரேசன் மடிக்கணினியில் போட்டான். நம்பினால் நம்புங்கள், அதில் நான் ஆடவே இல்லை. கொஞ்ச நேரம் தலை சுற்றுகிறது, அது நான். பிறகு நின்றுவிடுகிறது. மேளம் ஓடிக்கொண்டே இருக்கிறது, நான் புடவையைச் சரிசெய்துகொண்டு, முடியை அள்ளி முடிந்துகொண்டு, புது வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல் சுற்றிப் பார்க்கிறேன். ஒவ்வொருத்தரின் முன்னாலும் போய் நின்று முகத்தைப் பார்க்கிறேன். பிறகு ரவியிடம் கேட்கிறேன். குரல் என்னுடையதுதான், ஆனால் நான் அவ்வளவு மெதுவாக யாரிடமும் பேசியதில்லை.

“கூப்பிட்டீங்களே, நான் எங்க உட்காரட்டும்?”

இரண்டாவது தடவையும் அதையே கேட்கிறேன். அங்கே குமரேசன் ‘கட்’ சொல்கிறான். படம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேனாம், உட்காரச் சொல்லி யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கிற மாதிரி. கடைசியில் ரவிதான் சுவரோரம் கையைக் காட்டியிருக்கிறான்.

அடுத்த மாசம் க்ளைமாக்ஸ் எடுக்கவில்லை. கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் விழுந்து காலை உடைத்துக்கொண்டான், பிறகு குமரேசனுக்கு மூவாரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். அந்தப் படம் இன்றுவரை முடியவில்லை. அழைத்தது அழைத்தபடி நின்றுவிட்டது.

அந்த ஷூட்டிங்குக்குப் பிறகு வீட்டில் என்ன நடந்தது என்றால், சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருக்கிற நாற்காலி வெளியே இழுத்தபடி கிடக்கும். உள்ளே தள்ளிவிட்டு வேலைக்குப் போவேன், மூன்று மணிக்குத் திரும்பி வந்தால் வெளியே இருக்கும். முதல் வாரம் பயந்தேன். பொய் சொல்லவில்லை, கோயில் விபூதியை வாசலில் கொட்டினேன், விளக்கை அணைக்காமல் படுத்தேன். இரண்டாவது வாரம் கோபம் வந்தது. “உட்காரணும்னா உட்காரு, நாற்காலிய இழுத்து டைல்ஸக் கீறாத” என்று கத்தினேன். மறுநாளிலிருந்து கீறல் சத்தம் இல்லை, நாற்காலி மட்டும் வெளியே இருக்கும்.

அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கேன்டீன் மேனேஜர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னது, மகன் போன் எடுக்காதது, முழங்கால் வலி, எல்லாவற்றையும் அந்த நாற்காலியிடம் சொன்னேன். யாரோ கேட்கிறார்கள் என்பது முதுகில் தெரியும், அதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா, கக் ரோஹானி, ஒரு நாள் படியில் நிறுத்தி, உன் தங்கச்சி வந்திருக்கிறாளா, இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்கிறதே, நல்லது நல்லது என்று மலாயில் சொன்னாள். எனக்குத் தங்கச்சி கிடையாது. ஆமாம் என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

உடம்புதான் காட்டிக்கொடுத்தது. இரண்டு பேருக்குச் சமைத்து இரண்டு பேர் சோற்றையும் நானேதான் தின்றேன், இருந்தும் சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. கேன்டீனில் சட்டியைத் தூக்க முடியவில்லை. ரவி பார்த்துவிட்டான்.

“அக்கா, அது உங்ககூடத்தான் இருக்கு.”

“இருந்துட்டுப் போகட்டும்.”

“உங்களத் தின்னுட்டுத்தான் போகும். நான் அழைச்சது, நான் அனுப்புறேன். ஒரு நாள் சொல்லுங்க.”

“ஆறு வருசமா என் வீட்டுக்கு எவன் வந்தான்? நீ வந்தியா? இப்ப அனுப்புறதுக்கு மட்டும் வர்றியா?”

நான் ஒரு வாரம் இழுத்தடித்தேன். அனுப்பினால் வீடு மறுபடியும் காலி. அனுப்பாவிட்டால் நான் காலி. கடைசியில் ஒரு காலையில் குளியலறையில் எழுந்திருக்கவே முடியாமல் ஒரு மணி நேரம் தரையில் கிடந்தேன், அன்றைக்குத்தான் ரவிக்குப் போன் போட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தான், தனியாக. கதவைச் சாத்தச் சொன்னான். ஒரு தட்டில் சோறு, குழம்பு, முட்டை எல்லாம் நான்தான் வைத்தேன், கொஞ்சம் அதிகமாகவே வைத்தேன். கற்பூரம் ஏற்றி உறுமியை எடுத்தான். இந்த அடி வேறு, இழுத்து இழுத்து வரும், வாசலில் நின்று விடைபெறுகிறவர்கள் பேச்சை முடிக்காமல் பேசுவார்களே, அப்படி. மறுபடியும் எனக்கு ஞாபகம் இல்லை. கண் திறந்தபோது கற்பூரம் அணைந்திருந்தது, தட்டு காலி, உடம்பு லேசாக இருந்தது.

“போயிடுச்சுக்கா” என்றான் ரவி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

“என்ன சொல்லுச்சு?”

“போயிடுச்சு, விடுங்க.”

“ரவி, என் வாயால பேசினது என்னன்னு எனக்குத் தெரியணும்.”

அனுப்பும்போது பெயர் கேட்பது வழக்கம். பெயர் சொன்னால்தான் அந்தப் பெயரைச் சொல்லிப் போ என்று அனுப்ப முடியும். ரவி மூன்று தடவை கேட்டிருக்கிறான். மூன்றாவது தடவை அது சொன்னதாம்: “எனக்குப் பேரு ஞாபகம் இல்ல. கூப்பிட ஆள் இல்லாம மறந்து போச்சு. இந்தக்கா பேர எடுத்துக்கட்டுமா? அவங்களயும் யாரும் கூப்பிடுறதில்லையே, சும்மாதானே கிடக்கு.”

“நீ என்ன சொன்ன?”

ரவி அழுதுவிட்டான். நாற்பது வயது ஆம்பளை. “கற்பூரம் அணையப் போச்சுக்கா. எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன். உங்க பேரச் சொல்லித்தான் அனுப்பினேன்.”

“என் பேரக் குடுக்க நீ யாருடா?” என்று கையில் கிடைத்த கரண்டியை எறிந்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அது சொன்னதில் என்ன பொய்? கேன்டீனில் நான் அக்கா, மலாய்க்காரர்களுக்கு மாக்சிக், ஆன்ட்டி என்று அர்த்தம், மகனுக்கு அம்மா, கிளினிக்கில் ஒரு நம்பர். பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார்.

உடம்பு தேறிவிட்டது. சட்டை பழையபடி பிடிக்கிறது. வீட்டில் எதுவும் நகர்வதில்லை. இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

இரண்டு மாசம் கழித்து ஒரு மத்தியானம், கேன்டீன் லீவு, வெளியே மழை. எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை, அடுப்படியில் நின்றபடி என் பெயரை நானே சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரே தடவைதான். யாரோ பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

கீழே படிக்கட்டிலிருந்து, இரண்டு மாடி கீழே இருக்கும், “இதோ வர்றேன்” என்று ஒரு பெண் குரல் கேட்டது. என் குரல்தான், ஆனால் மெதுவான குரல். சந்தோஷமாக இருந்தது அந்தக் குரல், அதுதான் என்னைக் கொல்கிறது. ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, மறுநாள் விடியும்வரை கதவில் முதுகை வைத்து உட்கார்ந்திருந்தேன். யாரும் தட்டவில்லை.

இதில் எங்கேயும் என் பெயரை நான் எழுதவில்லை, காரணம் அதுதான். நீங்கள் படித்து வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாது. ஆனால் ஒன்று, யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். மகன் போன் எடுக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் என் பெயர் தொண்டைவரை வந்து நிற்கிறது. இதுவரை விழுங்கிவிட்டேன்.